குழந்தைக்குக் குடல் அழற்சி நோய்: ராமநாதபுரம் கடற்கரைத் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு க்ரோன்ஸ் அல்லது அல்சரேட்டிவ் கொலைடிஸ் (இரண்டும் குடலில் நீடித்துப் புண்ணாகும் குடல் அழற்சி நோயின் வகைகள்) என்று சொல்லிவிட்டார்கள், அல்லது அந்தச் சந்தேகத்தில் சோதனைகள் நடக்கின்றன. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, அந்தப் பக்கம் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் வரை இருக்கும் வீடுகளுக்காக எழுதப்பட்டது இந்தப் பக்கம். இந்த நோயைப் பார்த்துப் பழகிய மருத்துவர் பெரும்பாலும் மதுரையிலோ சென்னையிலோ வேலூரிலோதான் கிடைப்பார். ராமநாதபுரத்திலிருந்து மதுரை சுமார் 115 கி.மீ., ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கி.மீ. அடுத்த தேதி வரை எது பொறுக்கும், எது பொறுக்காது என்பதை வீட்டில் அம்மாதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு உதவும்படி எழுதியிருக்கிறோம். இங்கே சொல்லும் மருந்து அளவுகள் கணக்கு புரிவதற்காக. உங்கள் பிள்ளைக்கான அளவு மருத்துவர் சீட்டில் இருப்பதுதான்.

வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தாலே இந்த நோய்தானா?

இல்லை. இந்த வயதில் ரத்தத்துக்கு வேறு காரணங்கள்தான் அதிகம். சீதபேதி, மலம் இறுகி ஆசனவாய் கிழிவது, வலியே இல்லாமல் ரத்தம் சொட்டும் பாலிப் (குடலில் வளரும் சிறு சதைக்கட்டி), கைக்குழந்தை என்றால் மாட்டுப்பால் ஒவ்வாமை. சந்தேகப்பட வேண்டியது இப்படி இருந்தால்: நான்கு வாரத்துக்கு மேலாகப் பேதி, தூக்கத்திலிருந்து எழுந்து போவது, எடை ஏறாமல் நிற்பது, ஆசனவாய் ஓரத்தில் கட்டியோ சீழ் ஒழுகும் துளையோ, வாய்ப்புண், காரணம் தெரியாத காய்ச்சல், ரத்தசோகை. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்து, ஆன்டிபயாடிக் இரண்டு முறை கொடுத்தும் அடங்கவில்லை என்றால் மூன்றாவது ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள், மேல்சோதனை கேளுங்கள்.

குடலில் அழற்சி இருக்கிறதா என்று மலத்தில் பார்க்கும் கால்ப்ரொடெக்டின் சோதனை உதவும். ஆனால் நான்கு வயதுக்குக் கீழே நோயில்லாத பிள்ளைக்கே அந்த எண் கூடுதலாக வரும். எண்ணை மட்டும் பார்த்து பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

குடல் டி.பி. ஆக இருக்கலாம் என்கிறார்கள். எதை நம்புவது?

நியாயமான சந்தேகம்தான். குடல் டி.பி.யும் க்ரோன்ஸும் ஸ்கேனிலும், குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கேமராவிலும் ஒன்றுபோலவே தெரியும். சதைத்துண்டு எடுத்துப் பார்த்தும் சில நேரம் பிரிக்க முடியாது. டி.பி. இருக்கும் பிள்ளைக்கு, நோயெதிர்ப்பைக் குறைக்கும் ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்ஸிமேப் ஊசியோ போட்டால் டி.பி. உடம்பெங்கும் பரவிவிடலாம். அதனால்தான் முதலில் நெஞ்சு எக்ஸ்ரே, மாண்டூ (தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் டி.பி. சோதனை), சதைத்துண்டில் கிருமி தேடுவது எல்லாம். டி.பி. மருந்து தொடங்கியிருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் எடை, காய்ச்சல், கேமராவில் புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறவில்லை என்றால் ஆறு மாதம் முடியட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே பேச்சை எடுங்கள். அந்தத் தாமதத்தில் பிள்ளையின் வளர்ச்சி போய்விடுகிறது.

ஜீன் டெஸ்ட் எதற்கு? சொந்தத்தில் கட்டியதாலா?

ஆறு வயதுக்குள், அதிலும் இரண்டு வயதுக்குள் தொடங்கும் நோயில் ஒரு பங்கு ஒற்றை மரபணுக் கோளாறால் வருவது. தாய்மாமன், அத்தை மகன் என்று கட்டிய குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் சோதனை செய்வது குற்றம் சாட்டுவதற்கு இல்லை. வைத்தியமே மாறும் என்பதற்காக. இன்டர்லூக்கின் 10 ஏற்பி குறைபாடு போன்ற சிலவற்றுக்கு மாத்திரை பயன்படாது, எலும்பு மஜ்ஜை மாற்றம்தான் வழி. அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடுகிறவர்கள் இந்த முடிவு வந்த பிறகு முடிவெடுப்பது நல்லது.

நான் மசக்கையில் சாப்பிட்டதாலா? தாய்ப்பால் மூலமாகப் போயிருக்குமா?

இரண்டும் இல்லை. பால் கொடுத்துக்கொண்டிருந்தால் தொடருங்கள்.

கொலனோஸ்கோபிக்கு (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) எப்படித் தயாராவது?

குடல் காலியாக வேண்டும் என்பதால் முந்தின நாள் பேதிப் பவுடர் கரைசல் கொடுக்கச் சொல்வார்கள். குடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் பிள்ளை நிற்காமல் போகும். இதை வீட்டில் தொடங்கிவிட்டு பஸ் ஏறாதீர்கள். முந்தின நாளே ஊர் போய்ச் சேருங்கள், கழிப்பறை ஒட்டிய அறையாகப் பாருங்கள், அங்கே தொடங்குங்கள். சிறு பிள்ளைக்கு வார்டில் சேர்த்தே கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். அன்று தெளிந்த பானம் மட்டும்: இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, ஓ.ஆர்.எஸ். ரோஸ்மில்க், சிவப்பு சர்பத் வேண்டாம். உள்ளே ரத்தம் போலத் தெரியும். மயக்க மருந்துக்கு முன் எத்தனை மணிக்குக் கடைசி மடக்கு என்பதை எழுதி வாங்குங்கள்.

ஆறு வாரம் சோறே இல்லாமல் பவுடர் பால் மட்டும் என்கிறார்களே, பிள்ளை தாங்குமா?

இங்கே பவுடர் பால் என்பது கடையில் வாங்கும் சாதாரணப் பால்பவுடர் இல்லை, மருத்துவர் எழுதித் தரும் முழுச்சத்துப் பவுடர். க்ரோன்ஸுக்கு இது சாப்பாடு இல்லை, மருந்து. ஸ்டீராய்டு இல்லாமலே குடல் புண்ணை ஆற்றும், எடையும் ஏறும். 6 முதல் 8 வாரம். அல்சரேட்டிவ் கொலைடிஸுக்கு இந்த முறை பயன்படாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டது என்று நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

கணக்கு இப்படி. 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,400 கலோரி. மில்லிக்கு ஒரு கலோரி வரும்படி கலந்தால் 1,400 மில்லி. 200 மில்லி டம்ளரில் ஏழு முறை. காலை ஆறு, எட்டரை, பதினொன்று, ஒன்றரை, நான்கு, ஆறரை, ஒன்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். 400 கிராம் டின்னில் ஏறத்தாழ 1,850 கலோரி இருக்கும் என்றால் ஆறு வாரத்துக்கு 32 டின் வேண்டும். உங்கள் டின்னின் முதுகில் இருக்கும் எண்ணை வைத்து நீங்களும் போட்டுப் பாருங்கள். பாதியில் பணம் தீர்ந்து நிறுத்துவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. 32 டின்னுக்கு வழி தெரிந்த பிறகு தொடங்குங்கள், அல்லது முடியாது என்பதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வேறு வழி உண்டு.

இரண்டாவது தவறு, டின் நீண்ட நாள் வரட்டும் என்று தண்ணீராகக் கலப்பது. எடை ஏறாது, மருந்தாகவும் வேலை செய்யாது. மூன்றாவது, “ஒரு வாய் முறுக்குதானே” என்று யாராவது கொடுப்பது. ஒரு நாள் ஒரு வாய் நோயைத் திருப்பிக் கொண்டுவராது. ஆனால் பிள்ளை வழி கண்டுபிடித்துவிடும். மறுநாளிலிருந்து டம்ளரைத் தள்ளும்.

கொதித்து ஆறிய தண்ணீரில் கலந்து குளிரவைத்து, மூடி போட்ட டம்ளரில் உறிஞ்சுகுழல் வைத்துக் கொடுத்தால் வாசனை தெரியாது. வாய் வைத்த டம்ளரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்தது 24 மணி நேரம். முதல் ஐந்து நாள்தான் கடினம். அந்த நாட்களில் வீட்டில் மீன் பொரிப்பதை மட்டுமாவது தள்ளிப்போடுங்கள். நாளுக்கு 1,000 மில்லிகூட இறங்கவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் வைப்பார்கள். தோல்வி என்று நினைக்க வேண்டாம். சில பிள்ளைகள் குழாய் வைத்த பிறகுதான் சிரிக்கத் தொடங்குகிறார்கள், கட்டாயப்படுத்துவது நின்றுவிடுகிறது அல்லவா.

எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு. எதில் கலப்பது?

கவனமாக இருக்க வேண்டிய இடம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. வற்றினால் கூடத்தான் செய்யும். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். கரைத்தால் உள்ளே போகும் சோடியம் அளவு மீறிவிடும், நீர் வற்றிய பிள்ளைக்கு அது ஆபத்து. ஓ.ஆர்.எஸ்ஸுக்கும் பவுடர் பாலுக்கும் காவிரிக் கூட்டுக்குடிநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். தள்ளுவண்டியிலும் கேனிலும் வரும் ஆர்.ஓ. தண்ணீர் நல்ல சுவையாக இருந்தாலும் கேன் கழுவப்பட்டதா என்பது தெரியாது. நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள்.

பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 1 லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பெரியதைப் பிரித்துக் கண்ணளவில் ஒரு டம்ளருக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு பேதிக்கும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. டெட்ரா பாக்கெட்டில் வரும் பழச்சுவை பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது, சர்க்கரை மிகுந்து பேதியைக் கூட்டும்.

மீன் கொடுக்கலாமா? எதையெல்லாம் நிறுத்துவது?

மீனை நிறுத்தாதீர்கள். கடற்கரையில் இருந்துகொண்டு மலிவான நல்ல புரதத்தைக் கைவிட்டு ரொட்டியும் பாலும் கொடுப்பது வீண். காரல் சொதி, ஊளி, சுறாப்புட்டு, மிளகாய் குறைத்த மீன் ஆணம் எல்லாம் சரி. முள் பார்த்து, நன்றாக வெந்தது. காரம் நோயை உண்டாக்காது. புண் இருக்கும்போது எரியும், அவ்வளவுதான். கருவாடு ஸ்டீராய்டு எடுக்கும் காலத்தில் வேண்டாம், உப்பு நீரைத் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

குடல் சுருக்கம் இருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தால் மட்டும் நார் கட்டுப்பாடு முக்கியம். பனங்கிழங்கு, முருங்கைக்காய்ச் சக்கை, கொய்யா விதை, ஆரஞ்சுத் தோல், சோளம் அடைத்துக்கொள்ளும். சுருக்கம் இல்லாத பிள்ளை, நோய் அடங்கியிருக்கும்போது, வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதைச் சாப்பிடலாம். பால் எல்லாருக்கும் ஆகாமல் போவதில்லை. பாலை நிறுத்தினால் வயிறு அடங்குகிறதா என்று இரண்டு வாரம் பார்த்து, வித்தியாசம் இல்லை என்றால் திரும்பக் கொடுங்கள். ஒவ்வொருவர் சொல்லுக்கும் ஒன்றை நிறுத்தி, கடைசியில் கஞ்சியில் நிற்கும் பிள்ளைக்கு நோயோடு சத்துக்குறைவும் சேர்ந்துவிடுகிறது.

மருந்து கொடுப்பதில் எங்கே தவறு நடக்கிறது?

ஸ்டீராய்டில்தான் அதிகம். பிரெட்னிசலோன் வழக்கமாகக் கிலோவுக்கு 1 மி.கி., அதிகபட்சம் 40 மி.கி., காலையில் சாப்பாட்டுக்குப் பின். பிறகு வாராவாரம் குறைத்து எட்டுப் பத்து வாரத்தில் நிறுத்துவார்கள். முகம் ஊதுவதும் பசி எடுப்பதும் பார்த்து பயந்து வீட்டில் யாராவது சட்டென்று நிறுத்திவிடுகிறார்கள். அப்போது உடம்பு தன் ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும்; காய்ச்சலோ வாந்தியோ வந்தால் பிள்ளை மயங்கி விழலாம். மருந்தை வாந்தி எடுத்து அடுத்த வேளையும் நிற்கவில்லை என்றால் ஊசியாகப் போட வேண்டும், மருத்துவமனைக்குப் போங்கள்.

பெருங்குடல் புண்ணை ஆற்றும் மெசலமைன் மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. அதன் மேல் உறைதான் மருந்தைப் பெருங்குடல் வரை கொண்டு போகிறது. விழுங்கத் தெரியாத பிள்ளைக்குக் குருணை பாக்கெட் கேளுங்கள்; அதையும் மெல்லாமல் தயிரில் விழுங்கவைக்க வேண்டும்.

நோயெதிர்ப்பைக் குறைக்கும் அசாதையோபிரின் தொடங்கிய முதல் மாதம் ரத்த அணு எண்ணிக்கையை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். இந்தச் சோதனை ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ போதும், மதுரை போக வேண்டியதில்லை. நம் மக்களில் சிலருக்கு என்.யு.டி.டி.15 என்ற மரபணு மாற்றம் இருக்கும். அவர்களுக்கு வெள்ளணு வேகமாகச் சரியும், முடி கொத்தாகக் கொட்டும். முதல் சில வாரத்தில் மேல்வயிறு வலித்து வாந்தி வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம்; மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

மெத்தோட்ரெக்சேட்டும் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துதான், ஆனால் வாரத்துக்கு ஒரு முறை. தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஒரு கிழமையை நிர்ணயித்து நாட்காட்டியில் வட்டம் போடுங்கள். கர்ப்பமாக இருப்பவர் இந்த மாத்திரையைக் கையால் உடைக்கக் கூடாது.

அடாலிமுமேப் ஊசியைக் கரண்ட் போகும்போது எப்படிக் காப்பது?

நோயெதிர்ப்பைக் குறைக்கும் இந்த ஊசிக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில், கதவில் வேண்டாம், உறைபெட்டியை ஒட்டியும் வேண்டாம். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். மண்பானை நம் வெயிலுக்கு இந்த அளவு குளிராது.

மீன் ஐஸ் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது என்பது வசதியும் ஆபத்தும். ஊசியை ஐஸில் புதைத்தால் உறைந்துவிடும். உறைந்த ஊசி கரைந்த பிறகு பார்க்கத் தெளிவாக இருந்தாலும் கெட்டதுதான். தெர்மாகோல் பெட்டியின் அடியில் ஐஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, மேலே நான்காக மடித்த துண்டு, அதன் மேல் ஊசி அட்டைப்பெட்டியோடு. உள்ளே ஒரு சிறு தெர்மாமீட்டர் போடுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசில்லை. இன்ஃப்ளிக்ஸிமேப் தேதியைத் தள்ளலாமா?

தள்ளக்கூடாத மருந்து இது. 0, 2, 6-வது வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு முறை என்பது வழக்கமான வரிசை; சிறு பிள்ளைகளுக்கு இடைவெளி இன்னும் குறைவாக வைப்பதும் உண்டு. நீண்ட இடைவெளி விட்டால் உடம்பு மருந்துக்கு எதிர்ப்புப் பொருள் உண்டாக்கலாம். அடுத்த முறை ஏற்றும்போது ஒவ்வாமை வரலாம், அல்லது மருந்து கேட்காமலே போகலாம். பிறகு அதைவிட விலை கூடிய மருந்துக்குப் போக வேண்டும்.

விசைப்படகுக்குத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதற்குள் ஒரு தேதி கட்டாயம் விழும். தை, மாசியிலேயே அந்தத் தேதியைக் கணக்குப் பார்த்து மருத்துவமனையில் சொல்லிவையுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்கள் பிள்ளையின் மருந்து அதில் வருமா, முன் அனுமதிக்கு என்ன தாள் வேண்டும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முதல் முறையே எழுதி வாங்குங்கள். பிள்ளையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறாமல் இருப்பதால் நின்றுபோகும் விண்ணப்பங்கள் உண்டு.

காய்ச்சலுக்கு எந்த சிரப்?

பாராசிட்டமால் மட்டும். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம் கலந்த சிரப் எதுவும் வேண்டாம். குடல் புண்ணைக் கிளப்பிவிடும். மருந்துக்கடையில் “சீக்கிரம் இறங்கும்” என்று எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் மெஃபனமிக் கலந்ததுதான், லேபிளைப் படியுங்கள். அளவு கிலோவுக்கு 15 மி.கி.; 12 கிலோ பிள்ளைக்கு 180 மி.கி. 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி, 250 மி.கி. உள்ளது என்றால் 3.6 மில்லி. பாட்டில் மாறினால் அளவும் மாறும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை.

தெருவில் ஒரு வீட்டில் அம்மை போட்டிருக்கிறது. என்ன செய்வது?

வேப்பிலை கட்டிய வீட்டுக்கு உங்கள் பிள்ளை போயிருந்தால், ஒரே பாயில் விளையாடியிருந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஸ்டீராய்டும் அசாதையோபிரினும் எடுக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை நுரையீரல் வரை போகலாம். பாதுகாப்பு ஊசி (தடுப்பூசி இல்லை, இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதம்) முதல் நான்கு நாளுக்குள் போட்டால் நன்றாக வேலை செய்யும், பத்து நாள் வரை போடலாம். அம்மனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். கூடவே மருந்தும் போகட்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை மருந்து கூடாது என்பதை இந்தப் பிள்ளைக்கு மட்டும் விட்டுவிட வேண்டும்.

தடுப்பூசி போடலாமா?

நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து (ஸ்டீராய்டு, அசாதையோபிரின், மெத்தோட்ரெக்சேட், இன்ஃப்ளிக்ஸிமேப், அடாலிமுமேப்) எடுக்கும்போது உயிருள்ள கிருமி கொண்டவை வேண்டாம்: போலியோ சொட்டு, தட்டம்மை, சின்னம்மை, ரோட்டா, பி.சி.ஜி. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து தொடங்கும் முன் நான்கு வாரம் அவகாசம் இருந்தால் விட்டுப்போனதைப் போட்டுவிடலாம். போலியோ ஊசி, நிமோனியா, மஞ்சள் காமாலை பி, ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி எல்லாம் போடலாம், போட வேண்டும். சொட்டு மருந்து நாளில் வாசலுக்கு வரும் செவிலியரிடம் காட்ட ஒரு சீட்டை மருத்துவரிடம் வாங்கி வையுங்கள். வீட்டில் இருக்கும் தம்பி தங்கைக்கும் சொட்டுக்குப் பதில் ஊசி கேளுங்கள்.

தொக்கம் எடுக்கவும் குடல் தட்டவும் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.

மந்திரிப்பதில் கெடுதல் இல்லை. வயிற்றை அழுத்தி உருவுவது, வாயில் ஊதித் தொக்கம் எடுப்பது, வேர்ப்பொடி கொடுப்பது இந்த மூன்றும் வேண்டாம். புண்ணான குடல் மெலிந்திருக்கும், அழுத்தினால் கிழியலாம். பெயர் எழுதாத பொடிகளில் ஸ்டீராய்டும் ஈயமும் கலந்திருக்க வாய்ப்புண்டு. முதல் வாரம் பிள்ளை பளிச்சென்று ஆவதும் அந்த ஸ்டீராய்டால்தான்.

எப்போது விடியும் வரை காத்திருக்கக் கூடாது?

பச்சை நிறத்தில் வாந்தி. வயிறு கல்லாக உப்பி, காற்றுகூடப் பிரியவில்லை. ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் ரத்தமாகப் போய், கூடவே காய்ச்சலோ படபடப்போ. எட்டு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை. தட்டி எழுப்பினாலும் துவண்டு விழுவது. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தில் இருக்கும்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல்.

மதுரைக்கு நேரே ஓடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போய் நரம்பில் நீர் ஏற்றிக்கொண்டு பிறகு மேலே போவது பாதுகாப்பு. மருந்துப் பட்டியல், கடைசி ரத்த முடிவு, எடை மூன்றும் ஒரே தாளில் பையில் இருக்கட்டும். இரவுப் பணியில் இருக்கும் மருத்துவர் இந்த நோயை அடிக்கடி பார்த்திருக்க மாட்டார். அந்தத் தாள்தான் பேசும். இரும்புச்சத்து மருந்து கொடுத்தால் மலம் கறுப்பாகும், பீட்ரூட் சிவப்பாக்கும், அதையும் சொல்லுங்கள்.

அவர் கடலுக்குப் போயிருக்கிறார், அல்லது வெளிநாட்டில். மாமியார் “பெரிய பிள்ளையானால் சரியாகும்” என்கிறார். தனியாக எப்படி முடிவெடுப்பது?

முடிவை நல்ல நேரத்திலேயே எடுத்துவைத்துவிடுங்கள். அவர் கரையில் இருக்கும் நாளில், அல்லது போனில், மேலே சொன்ன அவசர அறிகுறிகளைப் படித்துக் காட்டி, “இதில் ஒன்று வந்தால் கேட்காமலே கிளம்பிவிடுவேன்” என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். அவசரத்துக்கான காசு தனியாக, உங்கள் கையில். மாமியாரை ஒரு முறை மருத்துவரிடம் அழைத்துப் போய், மருத்துவர் வாயாலேயே சொல்லவையுங்கள். நாங்கள் பார்த்தவரை இதைவிடப் பயன்படும் வழி இல்லை. தானாகச் சரியாகும் நோயில்லை, ஆனால் அடங்கியிருக்கும் நோய். அடங்கியிருக்கும் காலத்தில் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும்.

பின்பக்கம் புண்ணாகிவிடுகிறது.

உப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் விடுவதும் ஒரு காரணம். கடைசிக் குவளை நல்ல தண்ணீராக இருக்கட்டும். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் தடிமனாகப் பூசுங்கள். சோப்பு, டெட்டால் வேண்டாம். கட்டியோ சீழோ தெரிந்தால் களிம்பு போடாமல் காட்டுங்கள்.

அங்கன்வாடிக்கு அனுப்பலாமா?

நோய் அடங்கியிருந்தால் அனுப்புங்கள். முட்டையும் சத்துமாவும் ஆகும். இரண்டு ஜோடி மாற்றுத்துணி, கொதித்த தண்ணீர் பாட்டில், உங்கள் போன் எண். ஆசிரியையிடம் இரண்டு விஷயம் தெளிவாகச் சொல்ல வேண்டும்: தொற்றுநோய் இல்லை, கேட்டவுடன் கழிப்பறைக்கு விட வேண்டும். மாதம் ஒரு முறை அங்கே எடையும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரமும் எடுக்கச் சொல்லி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதே நோட்டில் தினமும் ஒரு வரி: எத்தனை முறை போனது, ரத்தம் உண்டா, இரவில் எழுந்ததா, மருந்து விட்டுப்போனதா. ஆறு மாதமாக உயரம் நகரவில்லை என்றால், பேதியே இல்லாவிட்டாலும், உள்ளே நோய் அடங்கவில்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த தேதியை முன்னால் இழுங்கள்.